வலிக்கும் இடம் வரை

கெலுகோர்,
5 அக்டோபர் 2025.

அன்புள்ள அப்பாவுக்கு,

துளசி எழுதிக்கொள்வது. நானும் அத்தையும் இங்கே நலம். உங்கள் முதுகு வலி எப்படி இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? போன கடிதத்தில் அதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.

அந்தக் கடிதத்தில் இரண்டு வரிகளைக் கறுப்பு மார்க்கரால் பட்டையாக அடித்திருந்தார்கள். சிறையைப் பற்றி ஏதோ எழுதியிருப்பீர்கள். அத்தை அதை ஜன்னலில் பிடித்தும் டார்ச் அடித்தும் அரை மணி நேரம் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. "கவுர்மெண்டு மை லா, அப்படித்தான் இருக்கும்" என்று மடித்து வைத்துவிட்டார்.

மாநில அணித் தேர்வு பிப்ரவரி 14ஆம் தேதி. ஐயாயிரம் மீட்டரில் இரண்டு பேரைத்தான் எடுப்பார்கள். கோச் சந்திரிகா என் பெயரைக் கொடுத்துவிட்டார். அவருடைய பயிற்சி மாலையில். நீங்கள் எழுதி அனுப்பும் பயிற்சியைக் காலையில் செய்கிறேன். இரண்டும் செய்வது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் திட்டுவார்.

உங்கள் லோரி மோதி அந்த தயாளன் இறந்த செய்தி பேப்பரில் வந்த நாளிலிருந்து நம்மோடு பேசாமல் இருந்த மூன்றாம் மாடி நூருல் ஹுதா அக்கா, நேற்று லிஃப்டில் "நீ ஸ்டேட்டுக்கு ஓடப் போறியாமே" என்று கேட்டார். எனக்கு அன்றைக்கெல்லாம் கால் தரையில் படவில்லை.

ஒரு விஷயம். வலது தொடையும் இடுப்பும் சேரும் மடிப்பில், உள்ளே ஆழத்தில் ஒரு வலி. ஓடத் தொடங்கும்போது இருக்கிறது. இரண்டாவது கிலோமீட்டரில் போய்விடுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

தீபாவளிக்கு உங்களைப் பார்க்க வரட்டுமா? பதினான்கு மாதம் ஆகிவிட்டது. அத்தை மட்டும் வந்து பார்த்துவிட்டு, "உங்க அப்பன் இளைச்சுட்டான்" என்று சொல்லி இரண்டு நாள் சாப்பிடாமல் கிடக்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அப்பா.

உங்கள் மகள்,
துளசி


சிறைச்சாலை,
23 அக்டோபர் 2025.

அன்பு மகள் துளசிக்கு அப்பா ஆசியோடு எழுதுவது.

நான் சுகம். முதுகு இருக்கிற இடத்தில் இருக்கிறது. உன் உடம்பும் என் அக்கா உடம்பும் நன்றாக இருக்க வேண்டும்.

இங்கே தமிழ்க் கடிதங்களைப் படிக்கும் அதிகாரி துவான் ஷேக் அலாவுதீன் ஒருவர்தான். பட்டர்வொர்த்காரர், நல்ல மனிதர். அவர் லீவில் போனால் நம் கடிதமும் ட்ரேயில் படுத்துத் தூங்கும். ஃபோன் மாதத்தில் ஒரு தடவை ஐந்து நிமிடம். அதை உன் அத்தை அழுதே தீர்த்துவிடுகிறாள். அதனால் பயிற்சி விஷயமெல்லாம் கடிதத்திலேயே இருக்கட்டும்.

வலியைப் பற்றிக் கேட்டாய். நான் மாவட்டத்துக்கு ஓடிய நாளில் எனக்கு வலிக்காத இடம் கிடையாது. இரண்டாவது கிலோமீட்டரில் போய்விடுகிறது என்றால் அது வலியே இல்லை, உடம்பு சொல்லும் சாக்கு. தாண்டி ஓடு. இருபது வருடம் லோரி ஓட்டியதும் இப்படித்தான். களைப்பு வரும், கண்டுகொள்ளாமல் போனால் அதுவே விலகிவிடும்.

தீபாவளி போய்விட்டது, அதற்காக வேறு நாள் பார்க்காதே. நீ வர வேண்டாம். ஒரு நாள் பயிற்சி போய்விடும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இந்தச் சட்டையில் நான் உட்கார்ந்திருப்பதையும் நீ பார்க்க வேண்டாம்.

பிப்ரவரியோடு மூன்று வருடத்தில் பாதி முடிகிறது. 24ஆம் தேதி பரோல் குழு கூடுகிறது. உன் தேர்வுக்குப் பத்து நாள் கழித்து. மகள் மாநிலத்துக்கு ஓடுகிறாள் என்று அவர்களிடம் சொல்ல ஆசையாக இருக்கிறது.

செவ்வாயும் வெள்ளியும் தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளைச் சேர்த்துக்கொள். கீழிருந்து மேல் வரை, நான்கு தடவை.

வேளைக்குத் தூங்கு.

அப்பா,
தங்கராஜு


கெலுகோர்,
16 நவம்பர் 2025.

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். அத்தைக்குச் சளி, மற்றபடி குரல் குறையவில்லை.

நீங்கள் சொன்னபடி ஆயிரம் மீட்டரை ஆறு தடவை ஓடினேன். 3:41, 3:40, 3:42, 3:44, 3:49. ஆறாவதுக்கு வாட்சை அழுத்த மறந்துவிட்டேன். படிகள் நான்கு தடவையும் ஏறிவிட்டேன். அங்கே காலையில் நடக்க வரும் சீனத்துப் பாட்டிகள் எல்லாரும் இப்போது எனக்குத் தோழிகள். ஒருத்தர் தினமும் ஒரு வாழைப்பழம் தருகிறார்.

ஒரு செய்தி. உங்கள் பரோலுக்காக அத்தை வேண்டிக்கொண்டிருக்கிறார். தைப்பூசத்துக்கு நான் நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்து தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுக்க வேண்டும். டிசம்பர் 15இல் தொடக்கம். ஒரு வேளைச் சாப்பாடு, சைவம், தரையில் படுக்கை. என்னைக் கேட்டுத்தான் வேண்டிக்கொண்டார். நான் உடனே சரி என்றேன். எடை குறைந்தால் வேகம் கூடும் என்று நீங்களே சொல்வீர்களே.

உங்களுக்கு இதில் சந்தோஷம்தானே?

வேறு விசேஷம் இல்லை. முதுகுக்குச் சூடு வைத்துக்கொள்ளக் கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
துளசி


சிறைச்சாலை,
2 டிசம்பர் 2025.

அன்பு மகள் துளசிக்கு,

நான் சுகம், உன் சுகமே எனக்கு வேண்டும். அக்காவுக்குச் சளி தீர்ந்ததா?

உன் விரதத்தை நினைத்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான். நமக்காக முருகனைக் கேட்க ஒரு ஆள் இருக்கிறது என்பதே பெரிய விஷயம். இருபத்தைந்து வயதில் நான் காவடி எடுத்தபோது முதுகில் அறுபது கொக்கி. ஒன்றுகூட வலிக்கவில்லை. விரதம் சுத்தமாக இருந்தால் உடம்பு வலியைக் கேட்காது. இது உன் ஓட்டத்துக்கும் பொருந்தும்.

ஆறாவது ஆயிரத்துக்கு வாட்சை அழுத்த மறந்தேன் என்கிறாய். எட்டு வயதிலிருந்து நீ அப்படி மறந்தது கிடையாது. அடுத்த கடிதத்தில் ஆறும் வேண்டும்.

தொடை வலியைப் பற்றி இந்த முறை நீ எழுதவில்லை. எனவே போய்விட்டது என்று எடுத்துக்கொள்கிறேன்.

சாமிக்கு என் பங்கையும் சேர்த்துக் கும்பிடு.

அப்பா


கெலுகோர்,
28 டிசம்பர் 2025.

அன்புத் தம்பி தங்கராஜுவுக்கு அக்கா பொன்னம்மை எழுதுவது.

நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம், நீ நல்லா இருக்கணும்னு அந்தத் தண்ணீர்மலையானை வேண்டுகிறேன். எனக்கு எழுத்து சுமார்தான், நீ திருத்திப் படித்துக்கொள்.

துளசி படிப்பு, பயிற்சி என்று உனக்கு எழுத நேரமில்லாமல் கிடக்கிறாள், அதனால் நான் எழுதுகிறேன். தம்பி, உன் மகளைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. மத்தியானம் ஒரு வேளை சாப்பாடு, அதுவும் ரெண்டு கைப்பிடி. காலையில் அஞ்சு மணிக்குப் பச்சைத் தண்ணியில் குளித்துவிட்டு ஓடப் போகிறாள். சாயந்தரம் மறுபடியும் ஓட்டம். கன்னமெல்லாம் ஒட்டிப்போய் முகத்தில் ஒரு தேஜஸ் வந்திருக்கிறது.

ஒன்று சொல்கிறேன், தம்பியிடம் சொல்லக் கூசினாலும் இது சாமி காரியம். பெண்பிள்ளைகள் நாற்பத்தெட்டு நாள் தொடர்ந்து விரதம் இருக்க முடியாது, நடுவில் வீட்டுக்குத் தூரமாகிவிடும், அந்த நாளெல்லாம் கழிந்து போகும். உன் மகளுக்கு ஜூன் மாதத்தோடு நின்றது, இன்றுவரை வரவே இல்லை. நானும் முதலில் பயந்தேன், பிறகுதான் புரிந்தது. விரதத்துக்குத் தடங்கல் வரக்கூடாது என்று ஆறு மாதம் முன்னாலேயே முருகன் வழி விட்டிருக்கிறான். கோயிலில் எனக்குத் தெரிந்தவர்களிடம் சொன்னேன், அவர்களுக்கும் உடம்பு சிலிர்த்துவிட்டது.

காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிறாள். கேட்டால் ஷூ கடிக்கிறது என்கிறாள். புது ஷூ வாங்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்கிறாள். தரையில் படுப்பதால் புரண்டு புரண்டு படுக்கிறாள், பாவம் பழக்கமில்லை.

நீ வெளியே வருவது உறுதி தம்பி. மனதைத் தளர விடாதே.

உன் அக்கா,
பொன்னம்மை


சிறைச்சாலை,
19 ஜனவரி 2026.

துளசி,

நீ எப்படி இருக்கிறாய் என்று நிஜமாகவே கேட்கிறேன்.

துவான் ஷேக் அலாவுதீன் மூன்று வாரம் லீவில் இருந்தார். அத்தை கடிதம் அதுவரை ட்ரேயில் கிடந்தது. 15ஆம் தேதிதான் அவர் படித்திருக்கிறார். மறுநாள் என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். இங்கே யாரும் என்னை உட்காரச் சொன்னதில்லை. உனக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன்.

"தங்கராஜு, கடிதத்தைப் படிக்கிறதுதான் என் வேலை, அதப் பத்திப் பேசுறது இல்ல. ஆனா இத வச்சுக்கிட்டு என்னால தூங்க முடியல. எம் பொஞ்சாதி ஹமீதா முப்பது வருசமா நர்சு. பேரு சொல்லாம கேட்டேன். அவ சொன்னா, அது கருணை இல்லீங்க, ஆபத்து" என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அளவுக்கு மீறி ஓடி, அதற்குத் தக்கபடி சாப்பிடாமல் இருந்தால் பெண்பிள்ளைக்கு மாதவிலக்கு நின்றுவிடும். அது நின்றால் எலும்பு மெலியும். மெலிந்த எலும்பில் மயிரிழை போல விரிசல் விழும். ஓடி முடித்த பிறகும் வலித்தால், படுத்திருக்கும்போது வலித்தால், நடையில் இழுப்பு வந்தால், ஒற்றைக்காலில் குதிக்க முடியாவிட்டால், அது தாண்டி ஓடும் வலி இல்லை. அன்றைக்கே நிறுத்த வேண்டிய வலி. அதுவும் இடுப்பு மடிப்பில் என்றால் ஒரு நாள் ஒரே அடியில் ஒடிந்துவிடும். கொக்கி வலியையும் எலும்பு வலியையும் நான் ஒன்றாக நினைத்தேன். எனக்குத் தெரியாது துளசி. தெரியாமல் உனக்குப் பாடம் எடுத்தேன்.

நிறுத்து. இந்தக் கடிதம் கையில் கிடைத்த நிமிடத்திலிருந்து ஓடாதே. தேர்வு போனால் போகட்டும். ஆஸ்பத்திரிக்குப் போ. எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், ஸ்கேன் கேள். கோச்சிடம் காலைப் பயிற்சியையும் சேர்த்து எல்லாவற்றையும் சொல். சாப்பாட்டைக் கூட்டு.

▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇

உடனே பதில் எழுது. ஒளிக்காமல் எழுது.

அப்பா


கெலுகோர்,
26 ஜனவரி 2026.

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம் என்று எழுதிப் பழகிவிட்டது. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

வலி அக்டோபரிலிருந்து போகவே இல்லை. நவம்பரில் ஆறாவது ஆயிரம் மீட்டரை நான் ஓடவில்லை, நடந்தேன். வாட்சை மறக்கவில்லை, அந்த நேரத்தை உங்களுக்கு எழுத மனம் வரவில்லை. டிசம்பரிலிருந்து படுத்தாலும் வலிக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எழுந்து ஒற்றைக்காலில் குதித்துப் பார்த்தேன். ஒரு தடவைதான் முடிந்தது. அத்தை ஓடிவந்து பிடித்தார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நான் ஓடுவதை நினைத்துத்தான் நீங்கள் அங்கே நாளைத் தள்ளுகிறீர்கள் என்று நினைத்தேன். நான் நின்றால் நீங்கள் என்ன ஆவீர்கள் என்று பயமாக இருந்தது.

நிறுத்திவிட்டேன் அப்பா. 22ஆம் தேதியிலிருந்து ஓடவில்லை. கோச்சிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "ஏன்மா எங்கிட்ட சொல்லல" என்று திரும்பத் திரும்பக் கேட்டார், எனக்கு அதுதான் தாங்கவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றார்கள். ஸ்கேனுக்கு பிப்ரவரி 11 தேதி கொடுத்திருக்கிறார்கள். அதுவரை ஓய்வு எடுக்கச் சொன்னார்கள்.

பால்குடம் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் ஒரு வரியை அடித்திருக்கிறார்கள். காகிதம் கிழியும் அளவுக்குத் தேய்த்திருக்கிறார்கள். சிறை விஷயம் ஏதாவது எழுதினீர்களா? நானும் அத்தையும் பேசினோம். ஓடுவது எனக்காக, அதை விட்டுவிட்டேன். பால்குடம் உங்களுக்காக. நாற்பத்திரண்டு நாள் வந்தாயிற்று. வேண்டாம் என்று நினைத்திருந்தால் கட்டாயம் எழுதியிருப்பீர்கள். ஒவ்வொரு படியாக, மெதுவாக ஏறுகிறேன். அத்தை பக்கத்தில் வருவார்.

ஞாயிற்றுக்கிழமை தைப்பூசம். அதற்கு முன் இந்தக் கடிதம் உங்களிடம் சேருமா தெரியாது. சேர்ந்தால், சனிக்கிழமை உங்கள் ஃபோன் முறை என்று அத்தை சொன்னார். ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

உங்கள்
துளசி


கெலுகோர்,
4 பிப்ரவரி 2026.

தம்பி,

சுகம் கேட்க வாய் வரவில்லை.

ஃபோனில் நீ சனிக்கிழமை நல்லாத்தான் பேசினே. முதுகைப் பற்றிப் பேசினே, அக்கா சாப்பிட்டியா என்று கேட்டே. நானும் தைரியமாக அவளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

பாதிப் படி தாண்டியதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. உட்கார் என்றேன். இன்னும் கொஞ்சம்தான் அத்தை என்றாள். கூட்டம் வேல் வேல் என்று மேலே தள்ளிக்கொண்டு போகிறது. முந்நூறு படிக்கு மேல் ஏறியிருப்போம். வலது காலைத் தூக்கி வைத்தாள். ஒரு சத்தம், எனக்கே கேட்டது. அவள் கத்தவில்லை தம்பி. பின்னால் வந்த அய்யாக்கண்ணு என்ற பெரியவரிடம் குடத்தைக் கொடுத்து, "இத மேல ஊத்திருங்க ஐயா, எங்க அப்பா பேரு தங்கராஜு" என்று சொன்னாள். அதற்குப் பிறகுதான் சாய்ந்தாள்.

நாலு பேர் தூக்கிக்கொண்டு இறக்கினார்கள். அன்றைக்கே ஆபரேஷன், மூன்று ஸ்க்ரூ வைத்திருக்கிறார்கள். எலும்புக்கு ரத்தம் போகிறதா என்று பார்க்க வேண்டுமாம். நடப்பாள் என்றார் டாக்டர். ஓடுவாளா என்று கேட்டேன். அவர் ஃபைலை மூடிவிட்டார்.

வராததைக் கருணை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே. பத்து வயதில் தாயில்லாமல் என் கையில் வந்த பிள்ளை. நான் என்ன செய்துவிட்டேன் தம்பி.

அவள் யாரோடும் பேசவில்லை.

பொன்னம்மை


சிறைச்சாலை,
15 பிப்ரவரி 2026.

என் மகள் துளசிக்கு,

கால் எப்படி இருக்கிறது? காய்ச்சல் உண்டா? சாப்பிடுகிறாயா? அக்கா எழுதியதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நீ விழுந்த பிறகு உனக்கு நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டுக்கும் பதில் இல்லை.

நேற்று தேர்வு நாள். துப்பாக்கி வெடிக்கும் நேரத்துக்குச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.

உன் கடிதம் என் கைக்கு வந்தபோது காலம் கடந்துவிட்டது. முன்னாலேயே வந்திருந்தால் தடுத்திருப்பேன். கடிதங்கள் இங்கே எப்படிக் கிடக்கும் என்று உனக்கே தெரியும்.

திட்டியாவது எழுது. வெற்றுக் காகிதத்தை மடித்து அனுப்பினாலும் போதும், உன் கை பட்டது என்று வைத்துக்கொள்வேன்.

அப்பா


கெலுகோர்,
12 மார்ச் 2026.

அப்பா,

நான் நலமாக இல்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று இந்தக் கடிதத்தில் கேட்கப் போவதில்லை.

ஊன்றுகோலோடு கழிவறைக்குப் போய்வருகிறேன். மற்ற நேரமெல்லாம் கட்டில்தான். நேரம் நிறைய இருப்பதால் உங்கள் கடிதங்களை எல்லாம் வரிசையாக அடுக்கி மறுபடியும் படித்தேன். பதினெட்டு மாதத்தில் ஏழு இடத்தில் வரிகள் அடிக்கப்பட்டிருக்கின்றன. ஆறு இடத்தில் மார்க்கர். ஒரே கோடு, நேராக, அவசரமில்லாமல். ஜனவரி 19ஆம் தேதிக் கடிதத்தில் மட்டும் பால்பாயிண்ட். நீலம். நீங்கள் எழுதிய அதே நீலம். மேலும் கீழும் தேய்த்துத் தேய்த்துப் பின்பக்கம் ஓட்டை விழுந்திருக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒளிக்காமல் எழுது என்று எனக்குச் சொன்னீர்கள்.

அந்த வரியை அடித்தது யார்?

துளசி


சிறைச்சாலை,
22 மார்ச் 2026.

துளசி,

உன் கடிதத்தைத் துவான் ஷேக் அலாவுதீன் கையோடு கொண்டுவந்தார். என் முன்னால் வைத்தார். இரண்டு தாளும் ஒரு பேனாவும் வைத்துவிட்டுப் போனார்.

நான் அடித்தேன்.

'பால்குடம் எடுக்காதே, படி ஏறாதே, எனக்காக ஒன்றும் செய்யாதே' என்று எழுதியிருந்தேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். 24ஆம் தேதி பரோல் குழு. வேண்டுதலைப் பாதியில் விட்டால் என்ன ஆகும் என்று ஒரு நினைப்பு வந்தது. வெளியே வர எனக்கு அவ்வளவு ஆசை துளசி. ஏறுவது நடைதானே, ஓட்டம் இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடித்தேன். இங்கே யாரோ அடித்ததாக நீ நினைத்துக்கொள்வாய் என்றும் எனக்குத் தெரியும். அதையும் யோசித்துத்தான் செய்தேன்.

இன்னொன்று. உன் கடிதம் தாமதமாக வரவில்லை. துவான் அதை அவசரமாகப் படித்து 30ஆம் தேதியே கொடுத்துவிட்டார். மறுநாள் கையில் ஃபோன் இருந்தது. ஐந்து நிமிடம். அக்கா மூச்சு விடும்போதெல்லாம் இப்போது சொல்லிவிடுகிறேன், இப்போது சொல்லிவிடுகிறேன் என்று இருந்தேன். முதுகு வலியைப் பற்றிப் பேசினேன்.

நான் இப்படிச் செய்வது முதல் தடவை இல்லை. கோர்ட்டில் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். அன்று மத்தியானம் நெடுஞ்சாலையில் இரண்டு தடவை கண் சொருகியது. ஓய்விடத்துக்குத் திரும்பும் பலகையைப் பார்த்தேன். இண்டிகேட்டர்கூடப் போட்டேன். கொஞ்ச தூரம் அழுத்தினால் தூக்கம் போய்விடும் என்று அணைத்துவிட்டுப் போனேன். பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி அந்த தயாளன் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். அவருக்கு இருபத்தாறு வயது. வேகம், கவனக்குறைவு என்று எழுதினார்கள். அது கவனக்குறைவு இல்லை. எனக்குத் தெரிந்திருந்தது. நிறுத்தவில்லை.

பரோல் கிடைத்துவிட்டது. ஏப்ரல் 9, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு விடுகிறார்கள். அக்கா சொல்லியிருப்பாள். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீ என்னைப் பார்க்க விருப்பமில்லை என்றால் நான் வேறு எங்காவது தங்கிக்கொள்கிறேன். பட்டர்வொர்த்தில் ஒரு விடுதி இருப்பதாகத் துவான் சொன்னார்.

மன்னிப்புக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. உன் கால் ஆற வேண்டும். அது ஒன்றுதான்.

தங்கராஜு


கெலுகோர்,
30 மார்ச் 2026.

அப்பாவுக்கு,

அத்தைக்குக் கொஞ்சம் ரத்த அழுத்தம். எனக்குக் காய்ச்சல் இல்லை, பசி இருக்கிறது. மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். போன வாரம் எனக்கு மாதவிலக்கு வந்தது. ஒன்பது மாதத்துக்குப் பிறகு. இதை உங்களுக்கு எழுத எனக்குக் கூச்சமாக இல்லை, நீங்களும் கூசாமல் படியுங்கள். அத்தை சமையலறையில் உட்கார்ந்து அழுதார். நேற்று, பரோல் கிடைத்ததற்கு நன்றியாக அடுத்த வருடம் ஒரு பால்குடம் என்று வாயெடுத்தார். நான் பார்த்த பார்வையில் பேச்சை மாற்றிவிட்டார்.

உங்கள் கடிதத்தை நான்கு நாள் படித்தேன். இரண்டு நாள் கிழித்துப் போட நினைத்தேன். மன்னித்துவிட்டாயா என்று வந்ததும் கேட்காதீர்கள். எனக்குத் தெரியவில்லை. தெரியும்போது சொல்கிறேன். தயாளன் வீட்டுக்கு நீங்கள் ஒரு கடிதம் எழுத வேண்டும். எனக்கு எழுதியது போல, ஒன்றையும் அடிக்காமல்.

விடுதி வேண்டாம். உங்கள் கட்டிலில் அத்தை மிளகாய் காயப் போட்டிருக்கிறார், எடுத்துவிடச் சொல்கிறேன்.

பிசியோதெரப்பி அக்கா எனக்கு ஒரே ஒரு விதி வைத்திருக்கிறார். வலி தொடங்கும் இடத்தில் நிற்க வேண்டும். அதற்குப் பிறகு ஓரடிகூட வைக்கக்கூடாது. போன வாரம் நாற்பது மீட்டரில் நின்றேன். இன்றைக்கு எழுபது. நிற்பதுதான் எனக்கு வரவில்லை. நின்றதும் அழுகை வருகிறது. ஆனாலும் நிற்கிறேன்.

9ஆம் தேதி நானும் வருகிறேன். கார் நிறுத்தும் இடத்திலிருந்து வாசல் வரை எவ்வளவு தூரம் என்று அத்தையைக் கேட்டேன். இருநூறு மீட்டர் இருக்கும் என்றார். உங்களைப் பார்த்ததும் இறங்கி நடக்கத் தொடங்குவேன். எங்கே வலிக்கிறதோ அங்கே நின்றுவிடுவேன். நீங்கள் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் அதற்கு மேல் வரமாட்டேன்.

மிச்சத்தை நீங்கள் நடந்து வாருங்கள்.

துளசி